நல்ல தண்ணீர்க் கிணறு

அந்தத் தீவின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் நாளைக்கே யாராவது வள்ளம் பிடித்துப் போய் அந்தக் கிணற்றில் வாளி விட்டுப் பார்ப்பார்கள். கிளிநொச்சிப் பக்கத்து மேற்குக் கடலில் இருக்கிறது, அவ்வளவும் போதும்.

இறங்குதுறையில் இருந்து இயந்திர வள்ளத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் கிட்டப் பிடிக்கும். காற்று மாறினால் இரண்டும் ஆகும், போகாமலே திரும்பியும் வரலாம். வெயில் ஏறுவதற்குள் தீவைச் சுற்றி நடந்துவிட முடியும். கிழக்குப் பக்கம் கண்டலும் சேறும், மேற்குப் பக்கம் முருகைக்கல்லும் ஆழக்கடலும். நடுவில் பனைகள், தாழம்பற்றை, தகரம் போட்டுத் திருத்திய வீடுகள், ஒற்றை வகுப்பறைப் பள்ளிக்கூடம், சின்னதாய் ஒரு வைரவர் கோயில். கோயிலுக்குப் பின்னால் கிணறு. வேறு கிணறுகளும் உண்டு, ஆனால் அவை குளிக்கவும் வலை கழுவவும்தான் உதவும். குடிக்கிற தண்ணீர் அந்த ஒன்றில்தான்.

தொழில் நண்டு. நண்டு குறைந்த காலத்தில் கணவாய், கடலட்டை. பிடிக்கிறவன் தீவில், விலை சொல்கிறவன் கரையில், சாப்பிடுகிறவன் எங்கேயோ வெளிநாட்டில். விலை விழுந்தால் ஏன் விழுந்தது என்று கேட்க ஓர் ஆளும் அகப்படமாட்டான். அரிசி, சீனி, மண்ணெண்ணெய், தீப்பெட்டி எல்லாமே கரையில் இருந்துதான் வரவேண்டும். கரையை நம்பாமல் தீவுக்கென்று இருந்த ஒரே சொத்து அந்தத் தண்ணீர்தான்.

அரசாங்கம் என்று பார்த்தால் அது நான்தான். சிரிக்க வேண்டாம். கிராம அலுவலர், ஜீ.எஸ். என்று கந்தோரில் சொல்வார்கள், பொம்பிளை என்றாலும் சனம் விதானை என்று கூப்பிடும். புதன்கிழமை காலையில் போய்ப் பள்ளிக்கூட விறாந்தையில் ஒரு கதிரை போட்டு இருந்தேன் என்றால் அன்றைக்கு அங்கே அரசாங்கம் நடக்கிறது. பின்னேரம் வள்ளம் ஏறினேன் என்றால் அரசாங்கமும் என்னோடு ஏறிவிடும். மிச்ச நாளெல்லாம் தீவை ஆண்டது மாதர் சங்கத் தலைவி. கடலுக்குப் புருஷனைக் கொடுத்தவர், குரல் உயர்த்தாதவர், ஆனால் அவர் ஒருமுறை "சரிவராது" என்றால் கடற்றொழிலாளர் சங்கத்து ஆம்பிளைகளே வாயை மூடிக்கொள்வார்கள். அவருடைய மகன்தான் என்னை வள்ளத்தில் ஏற்றி இறக்குகிற ஓட்டி. நான் சொல்லப்போகிற புயல் வந்த கார்த்திகையில் மருமகளுக்கு ஏழாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

இவர்கள் சண்டைக் காலத்தில் தீவை விட்டு எழுப்பப்பட்டவர்கள். சண்டை முடிந்தும் வருடக் கணக்காகக் கரையில், அடுத்தவன் வளவுகளில், ஓலைக் கொட்டிலில் கிடந்தார்கள். கேட்டுக் கேட்டுக் களைத்து, கடைசியில் ஒருநாள் கேட்காமலே வள்ளங்களில் போய் இறங்கிவிட்டார்கள். இறங்கினவர்களைத் திருப்பி ஏற்ற யாருக்கும் மனம் வரவில்லை. அதே நேரம், நீங்கள் இருக்கலாம் என்று சொல்லவும் யாருக்கும் வாய் வரவில்லை. "இருந்து பாருங்கோ, பிறகு முடிவு சொல்லுவம்" என்றுதான் எல்லாக் கந்தோரிலும் பதில். தீவைக் கடலட்டைப் பண்ணைக்கு ஒரு கம்பனி கேட்கிறதாம் என்ற கதையும் நடுவில் ஓடித் திரிந்தது. அதனால் மருமகளின் வயிற்றில் இருந்த பிள்ளையைப் பற்றித் தலைவிக்கு ஒரு எண்ணம். எழும்பிப் போய்த் திரும்பி வந்தபிறகு தீவை விலாசமாகப் போட்டுப் பதியப்படும் முதல் பிள்ளை அது. "அது வந்து பிறந்திட்டுதெண்டா இனி எங்களை எழுப்புறது லேசில்லைப் பிள்ளை" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது மருமகளின் வயிற்றைத்தான் பார்த்தார்.

நான் பிறந்து வளர்ந்தது குளத்துத் தண்ணீர் பாயும் குடியேற்றத் திட்டத்தில். எங்கள் ஐயாவின் ஆட்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வாய்க்காலை நம்பி வந்தவர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் திறந்துவிடுகிற, மறிக்கிற, பக்கத்து வயல்காரனோடு சண்டை பிடிக்கிற சாமான். ஆகவே தீவுக்குப் போன புதிதில் அந்தக் கிணற்றுக்கு இருந்த சட்டங்களைப் பார்த்து எனக்கு எரிச்சல் வந்தது. கடல் பெருகி நிற்கும்போதுதான் அள்ளலாம். வற்றத் தொடங்கினால் வாளியை எடுத்து வைத்துவிட வேண்டும். உச்சிப்பொழுதில் கிணற்றடிக்கே போகக்கூடாது, அது வைரவர் உலாவுகிற நேரம். கயிற்றில் ஒரு முடிச்சு இருக்கும், அதற்குக் கீழே வாளியைத் தாழ்த்தக் கூடாது. இதென்ன கிணறோ, மூலஸ்தானமோ என்று கேட்டேன்.

தலைவி கோபிக்கவில்லை. "பாலில ஆடை கிடக்கிற மாதிரித்தான் பிள்ளை. கீழ முழுக்க உப்பு. மேல மெல்லிசா நல்ல தண்ணி மிதக்குது. பதமா எடுத்தா வருசம் முழுக்க எடுக்கலாம். கலக்கினா முடிஞ்சுது" என்றார்.

அந்தக் கார்த்திகையின் கடைசியில் புயல் வருகிறது என்று அறிவித்தல் வந்தது. காற்று ஏறுவதற்கு முன்னமே சனத்தை ஏற்றிக் கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருத்தினோம். புயல் அடித்து ஓய்ந்தது. அதோடு அந்த வருடத்து மழையும் முடிந்துவிட்டது. ஓட்டி போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்: கூரைகள் போய்விட்டன, வீடுகள் நிற்கின்றன, கடல் உள்ளே ஏறவில்லை, ஆனால் நல்ல தண்ணீர்க் கிணற்றுக்குள் ஓர் ஆடு விழுந்து செத்துக் கிடக்கிறது. அன்று பின்னேரம் வீட்டில் சாப்பிடும்போது ஊர்ப்புதினமாக இதை என் அண்ணாவிடம் சொன்னேன். மறுநாள் எனக்கு மாவட்டக் கந்தோரில் கூட்டம்.

அண்ணா நெல்லுச் செய்கிறவன். இரக்ககுணம் கூடினவன், அதில் பாதிக்கு மேல் கேளாமலே செய்து வைக்கிற இரக்கம். பக்கத்து வளவுக்காரனையும் இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டான். அந்த வளவுக்காரன் மலையகத்தில் இருந்து வந்து எங்களோடு காடு வெட்டிப் பிழைத்தவர்களின் பிள்ளை, உழைப்பென்றால் முன்னுக்கு நிற்பவன், தன் இறைப்பு மெசினையே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறான். கரையில் வேறு ஆளுடைய வள்ளம் ஒன்றைப் பிடித்து நான்கு பேரும் தீவுக்குப் போயிருக்கிறார்கள். தீவுச் சனம் முழுக்கக் கரைப் பள்ளிக்கூடத்தில். தடுக்க அங்கே காகமும் இல்லை.

எங்கள் ஊரில் கிணற்றில் செத்தது ஏதும் விழுந்தால் என்ன செய்வோமோ அதையே செய்தார்கள். ஆட்டைத் தூக்கிப் புதைத்தார்கள். மெசினைப் பூட்டி அடி தெரியும்மட்டும் இறைத்தார்கள். இறங்கிச் சேற்றை வாரினார்கள். ஊற்றுக்கண்ணை அலவாங்கால் கிண்டி விட்டார்கள். மருந்து போட்டு, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு வந்தார்கள். ஒரு குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்க் கிணறு என்றால் கையெடுத்துக் கும்பிடலாம்.

கூட்டம் முடிந்து வெளியே வரும்போது அண்ணாவின் அழைப்பு. குரலில் அப்படி ஒரு சந்தோசம்.

"பளிங்கு மாதிரிக் கிடக்கடி. அடிமட்டும் இறைச்சுப் போட்டம். மெசினை நிப்பாட்ட முந்தித் தண்ணி பொங்கிக்கொண்டு வருது. இப்பிடியொரு ஊத்து எங்கட ஊரில இல்லை."

"குடிச்சுப் பாத்தியோ?" என்று கேட்டேன்.

"மருந்து போட்ட தண்ணியை ஆர் குடிப்பான்? ரெண்டு நாள் போகட்டும்."

இரண்டு நாள் கழித்துச் சனம் திரும்பியது. முதல் வள்ளத்தில் தலைவிக்குப் பக்கத்தில் நான். வள்ளம் கரையை விட்டதும் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தீவு இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அடிமட்டுமோ?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அவர் ஏசியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

இறங்கியதும் மற்றவர்கள் கூரையைப் பார்க்க ஓடினார்கள். அவர் கிணற்றடிக்குப் போனார். வாளியில் மருந்து மணம் அடித்தது. "இப்பிடிக் குடிச்சா விளங்காது. தேத்தண்ணி போட்டுப் பாப்பம்" என்று சொல்லிக் குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். கொதிக்கட்டும் என்று நானும் மருமகளும் வாசலில் நின்றோம். நன்றாகக் கொதிக்கவிட்டு, சாயம் இறக்கி, சீனி போட்டு ஆற்றி, ஒரு வாய் குடித்தார். குடித்துவிட்டு அந்தக் கோப்பையை அடுப்புக்குப் பக்கத்தில் மெல்ல வைத்தார்.

"என்ன மாமி?" என்றாள் மருமகள்.

"கறிக்கு உப்புப் போடத் தேவையில்லை" என்றார் தலைவி.

நானும் குடித்துப் பார்த்தேன். கடல்தண்ணீர் மாதிரிக் கரிக்கவில்லை. குடிக்க முடியாது என்றும் சொல்ல முடியாது, குடிக்கலாம் என்றும் சொல்ல முடியாது. தொண்டையில் போய் நின்றுகொண்டு கீழே இறங்க யோசிக்கிற தண்ணீர்.

அன்று வீட்டுக்குப் போய் அண்ணாவைப் பிடித்த பிடியில் அண்ணி பயந்துபோய்ப் பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

"உன்ர வயல் கிணறு எண்டு நினைச்சியோ? ஆரைக் கேட்டுக்கொண்டு மெசின் வைச்சனீ?"

"ஆடு செத்து ஊதிக் கிடந்த கிணத்தை இறைக்காம விடச் சொல்லுறியோ? அந்தத் தண்ணியைக் குடிச்சு வாந்திபேதி வந்திருந்தா நீதான் விதானை, நீயே பதில் சொல்லியிருப்பாய்."

அவன் சொன்னது சரி. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று சொல்லிக் கத்தினேன். அவன் எழுந்து போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டான். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "திரும்ப நல்லா வர என்ன செய்யவேணும்?" என்று கேட்டான்.

"மழை பெய்யவேணும். அடுத்த ஐப்பசியில."

அவன் தலையைக் கையால் பிடித்துக்கொண்டு படியில் இருந்துவிட்டான். அண்ணாவை அப்படி நான் முன்பு கண்டதில்லை.

அந்தக் கிழமையே, புயலடித்த இடங்களின் கிணறுகள் சுத்தமாகும்வரை என்று சொல்லி, பிரதேச சபை வள்ளத்தில் நீலப் பிளாஸ்டிக் கான்களில் தண்ணீர் அனுப்பத் தொடங்கியது. எல்லா இடத்துக்கும் அனுப்பியதைப் போலத்தான் தீவுக்கும் அனுப்பினார்கள். தீவுக் கிணறு உப்பானது எங்கள் வீட்டைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. சனம் கான் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கிணறு ஆறட்டும் என்று தொடாமல் வைத்திருந்தது. நாள் போகப் போகக் கரிப்புக் கொஞ்சம் குறைகிறதா என்று ஒவ்வொரு புதனும் நான் நாக்கில் விட்டுப் பார்ப்பேன். ஒரு நாள் குறைந்த மாதிரி இருக்கும், அடுத்த புதன் பழையபடி இருக்கும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்களே, அது அப்போதுதான் வந்தது. தை கழியும் நேரம் மேலிடத்தில் இருந்து ஒரு குழு வருகிறது என்று எனக்கு அறிவித்தார்கள். தீவுச் சனத்தை நிரந்தரமாக இருக்க விடுவதா, கரையில் காணி கொடுத்து இறக்குவதா என்று பார்த்து முடிவு சொல்லப் போகிறார்கள். இத்தனை வருடம் கேட்ட கேள்விக்கு ஒருவழியாகப் பதில். அதோடு என்னுடைய மேலதிகாரி தனியாக ஒன்று சொன்னார்: "குடிதண்ணி இருந்தா மிச்சம் எல்லாம் சமாளிக்கலாம். குடிதண்ணி இல்லாத இடத்தில குடியேத்தம் குடுக்க ஒருத்தரும் சம்மதிக்க மாட்டினம். உங்கட தீவுக் கிணறு பேர்போனதுதானே, பயப்பிடாதேங்கோ."

நான் போய்ச் சொன்னதும் பெண்கள் பள்ளிக்கூட நிழலில் கூடினார்கள். உள்ளதைச் சொல்லுவோம், மழை பெய்தால் சரியாகும் என்று விளங்கப்படுத்துவோம் என்றார் ஒருவர். நியாயமான கதைதான். தலைவி அதைக் கடைசிவரை கேட்டார்.

"உண்மையைச் சொன்னா உண்மை எங்களோட மிஞ்சும். தீவு மிஞ்சாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கள் அரசாங்க உத்தியோகம் பிள்ளை. இதைக் கேக்காதேங்கோ. கொஞ்சம் அங்கால போய் நில்லுங்கோ" என்றார்.

நான் போகவில்லை. போக மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கதிரையில் இருந்தபடியே இருந்தேன். அவர் கொஞ்சம் பார்த்துவிட்டு மேலே பேசத் தொடங்கினார்.

குழு வருகிற அன்று கான்களை எல்லாம் வலைக்கொட்டிலுக்குள் அடுக்கி மேலே பழைய வலை போட்டு மூடினார்கள். கான் தண்ணீரில் மருந்து மணம் இருக்கும் என்று இரண்டு நாள் முன்பே பானைகளில் ஊற்றித் திறந்து வைத்து, துளசியும் வெட்டிவேரும் போட்டிருந்தார்கள். இனி நேரம்தான் பிரச்சினை. குழு காலையில் வந்தால் கிணற்றில் அள்ளிக் காட்டச் சொல்லுவார்கள். மறுக்க முடியாது. உச்சிப்பொழுதில் வந்து உச்சிப்பொழுதோடு போகவேண்டும்.

அது ஓட்டியின் கையில் இருந்தது. இறங்குதுறையில் இயந்திரம் கிளம்ப மாட்டேன் என்றது. பிறகு கிளம்பியது. கிழக்குப் பக்கம் சேறு, வள்ளம் போகத் தண்ணீர் காணாது என்று சொல்லித் தீவைச் சுற்றி மேற்கால் கொண்டுபோனான். அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வள்ளத்துக்குள் குழுத் தலைவர், அவருக்குப் பக்கத்தில் தண்ணீர்ப் பகுதியில் இருந்து வந்த இளம் அதிகாரி, இன்னும் இருவர், நான். இளம் அதிகாரியின் மடியில் ஒரு பெட்டி. அதற்குள் மூடி போட்ட வெறும் போத்தல் இருந்தது. பரிசோதனைக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகப் போகிறாராம். அந்தப் போத்தலைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வழி முழுக்க என் கண் அதை விட்டு எடுபடவில்லை.

இறங்கும்போது நிழல் காலடிக்குள் வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் செவ்விளநீர், பிறகு நண்டுக்கறியோடு சோறு. தலைவர் ஓய்வுக்குக் கிட்டின மனிசன், தன்மையானவர், பெண்கள் கதைப்பதை இடையில் வெட்டாமல் கேட்டார். செம்பில் தண்ணீர் வந்தது. குடித்தார். இன்னொரு தரம் வாங்கிக் குடித்தார்.

"நல்ல தண்ணி" என்றார்.

"கிணத்துத் தண்ணி ஐயா" என்றார் தலைவி.

இளம் அதிகாரி பெட்டியைத் திறந்தார். "நான் ஒருக்கா கிணத்தடிக்குப் போயிட்டு வாறன் சேர். நேரா எடுத்தாத்தான் சரி." எழும்பியே விட்டார். எட்டி நடக்கிற பையன், கோயிலைத் தாண்ட எவ்வளவு நேரம் பிடிக்கும்.

தலைவி எழும்பவில்லை. இருந்த இடத்தில் இருந்தே, "தம்பி, இந்த நேரம் அங்க போறேல்லை" என்றார். "வைரவர் உலாவுற நேரம். நாங்கள் ஒருத்தரும் வாளி போடுறேல்லை. பின்னேரம் கடல் பெருகினாப் பிறகுதான். நிண்டு எடுத்துக்கொண்டு போங்கோவன்."

பின்னேரம்வரை நிற்க முடியாது என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். காற்று எழும்பிவிடும். பையன் சிரித்துக்கொண்டு, "அம்மா, இது பரிசோதனைக்கு. வைரவர் கோவிக்கமாட்டார்" என்றார். ஒருவரும் கூடச் சிரிக்கவில்லை. பெண்கள் எல்லாரும் அவரையே பார்த்தபடி இருந்தார்கள். அவர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டு நின்றார்.

குழுத் தலைவர் கையைக் கழுவிவிட்டு வந்தார். "விடுங்கோ தம்பி. சனத்தின்ர வழக்கத்தை மிதிச்சுப்போட்டு என்ன பரிசோதனை? காலமை அள்ளின தண்ணி பானையில கிடக்கும். அதில எடுங்கோ."

பானையில் எடுத்தார்கள். போத்தலை இறுக்கி மூடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஆனால் அத்தோடு முடியவில்லை. தலைவர் என்னைப் பார்த்தார். "நீங்கள் சொல்லுங்கோ ஜீ.எஸ். கிழமைக்குக் கிழமை வாறனீங்கள். இந்தக் கிணறு எப்பிடி?"

இவர் நல்ல மனிசன், உள்ளதைச் சொன்னால் விளங்கிக்கொள்ளக்கூடும் என்று ஒரு கணம் நினைத்தேன்தான். பிறகு நான் பார்த்த கந்தோர்களை நினைத்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரிகள் எத்தனை பேரைத் தாண்டவேண்டும். கதவோரத்தில் மருமகள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நல்ல தண்ணி சேர்" என்றேன்.

பொய்தான். அரசாங்கம் அரசாங்கத்துக்குச் சொன்ன பொய். அதற்காக நான் வெட்கப்படவில்லை, இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

தலைவர் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து நின்று எல்லாரையும் கூப்பிட்டார். "நான் வரேக்க நினைச்சுக்கொண்டு வந்தது வேற. இப்ப சொல்லுறன், உங்களை இருக்கவிடச் சொல்லித்தான் நான் எழுதப்போறன்" என்றார். யாரோ ஒரு பெண் அழத் தொடங்கினாள். ஓட்டி தலையைத் திருப்பிக்கொண்டான். எனக்கும் கண் நிறைந்தது, மறைக்கவில்லை.

அவர் கையைக் காட்டி அமர்த்தினார். "ஒண்டு மட்டும் கேளுங்கோ. இதை எதிர்க்கிற ஆக்கள் மேல இருக்கினம். தீவில தண்ணி இல்லை, சபைதான் ஊத்துது எண்டு அவை சொல்லுவினம். அதால நாளைக்கே அந்தத் தண்ணி வள்ளத்தை நிப்பாட்டச் சொல்லுறன். இவ்வளவு நல்ல கிணறு இருக்கேக்க உங்களுக்கு அது ஏன்? வெளித்தண்ணி ஒரு கானும் ஏத்தாம இந்த வெயில் காலம் முழுக்க இருந்து காட்டுங்கோ. நான் இறங்குதுறையில ஆளும் வைப்பன், சாட்சிக்கு. பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் உங்களை எழுப்ப ஏலாது."

நல்ல மனதோடுதான் சொன்னார். சத்தியமாக நல்ல மனதோடுதான். அண்ணா மெசினைத் தூக்கிக்கொண்டு வந்த அதே மனது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. எல்லாரும் தலைவியைப் பார்த்தார்கள்.

"ஓம் ஐயா" என்றார் தலைவி. "பெரிய உபகாரம்."

குழுவை ஓட்டிக்குப் பதில் தீவில் இன்னொருவன் ஏற்றிக்கொண்டு போனான், அந்த வள்ளத்தில் நான் போகவில்லை. பதிவு வேலை கிடக்கிறது, பிறகு வேறு வள்ளத்தில் வருகிறேன் என்று சொல்லி நின்றுவிட்டேன். வள்ளம் சின்னதாகும்வரை சனம் கரையில் நின்று கை காட்டியது. வலைக்கொட்டிலில் போய்ப் பார்த்தோம், இருந்த கான்களில் பெரும்பாலானவை விருந்துக்கும் பானைகளுக்கும் போயிருந்தன. மாசி வரப்போகிறது. ஐப்பசி எங்கே, மாசி எங்கே.

"நான் என்ர பையுக்குள்ள ஒரு போத்தல், ரெண்டு போத்தல் கொண்டுவாறன்" என்றேன். "என்னை ஒருத்தரும் சோதிக்க மாட்டினம்."

"கொண்டு வாங்கோ பிள்ளை. அது குழந்தையளுக்கு" என்றார் தலைவி. அப்புறம் தன் மகனிடம், "இவளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போ. அங்க சித்தி வீட்டில இருந்து பெறட்டும்" என்றார். இத்தனை நாள் அந்தப் பிள்ளையைத் தீவில் பதிய வேண்டும் என்று காத்துக்கொண்டிருந்த மனிசி. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் வேண்டாம், கால் வீங்கினால் உடனே வா என்று ஆஸ்பத்திரித் தாதி மருமகளுக்குச் சொல்லியிருந்தது எனக்கும் தெரியும்.

கடல் பெருகத் தொடங்கியிருந்தது. மருமகள் கோயிலுக்குப் பின்னால் போனாள். கயிற்று முடிச்சு மட்டத்தில் வாளியை நிறுத்தி, கலங்காமல் அள்ளி, செம்பில் ஊற்றிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வந்து நின்றாள். நான் வேண்டாம் என்று கை நீட்டினேன். அவள் என் கையை மெல்ல விலத்திவிட்டு, அண்ணாந்து, நிறுத்தாமல், செம்பு கவிழும்வரை குடித்தாள். குடித்து முடித்துப் புறங்கையால் வாயைத் துடைத்தாள்.

"பழகீடும் மாமி" என்றாள்.

தலைவி அந்தச் செம்பை அவள் கையில் இருந்து வாங்கினார். அடியில் கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அதை அவர் குடித்தார்.